மூன்று வருஷத்துக்கு ஒரு புது அணி

கல்லூரி அணிக்கு ரசிகனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சினிமா ரசிகனுக்கு அவனுடைய நடிகர் முப்பது வருஷம் கிடைப்பார். கிரிக்கெட் ரசிகனுக்கு ஒரு தோனி பதினைந்து வருஷத்துக்குக் குறையாமல் கிடைப்பார். கல்லூரி அணிக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. முதல் வருஷம் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இரண்டாம் வருஷம் உள்ளே இறங்குவான். மூன்றாம் வருஷம், அவன் ஆட்டம் நம் கண்ணுக்குப் பழகி, பெயர் வாய்க்குப் பழகும் நேரத்தில், டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான். எம்.ஏ., எம்.காம். என்று அங்கேயே சேர்ந்தால் இன்னும் இரண்டு வருஷம். அவ்வளவுதான்.

எனக்கு வேலை ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில். வீடு மணிமங்கலத்தில். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே நான் படித்த கல்லூரியின் ஹாக்கி அணிக்கு இன்றைக்கும் ரசிகன். நான் ஸ்டிக் பிடித்து ஆடியவன் இல்லை. வேலிக்கு வெளியே நின்று கத்தியவன். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கோவில்பட்டியில் அது நடக்கக்கூடிய காரியம்.

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி, அப்புறம் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய். ஊர்க்காரர்களுக்கு ஹாக்கி. திட்டங்குளம், பாண்டவர்மங்கலம் என்று சுற்றுவட்டக் கிராமங்களில்கூடப் பையன்கள் ஸ்டிக்கோடு திரிவார்கள். லட்சுமி அம்மாள் கோப்பைக்கு இந்தியாவின் பெரிய அணிகள் இங்கே வந்து ஆடும். விளையாட்டு விடுதி இருக்கிறது, கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் வளர்ந்த செல்வம் கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்கள். பாகிஸ்தானோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அன்றைக்கு நான் பி ஷிஃப்ட். டீ இடைவேளையில் போனைப் பார்த்துவிட்டுக் கத்தியதில் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"அந்தப் பசங்களுக்கு உங்களைத் தெரியுமா? அவங்க ஜெயிச்சா உங்களுக்கு என்னங்க கிடைக்கும்?" என்று என் மனைவி கேட்பாள். கேலி இல்லை, உண்மையான கேள்வி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டி டி.வி.யில் வராது. முடிவு தெரிய வேண்டுமென்றால் ஊரில் யாருக்காவது போன் போட வேண்டும். நான் படித்த காலத்தில் ஆடிய பதினொரு பேரில் ஒருவர்கூட இன்று அந்த அணியில் இல்லை. பி.டி. சார் ஓய்வு பெற்றுவிட்டார். மண் தரை போய் டர்ஃப் வந்துவிட்டது. ஆள், வாத்தியார், தரை எல்லாமே மாறிய பிறகு நான் எதற்குத்தான் ரசிகன்?

சட்டைக்கு, பெயருக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழுப் பதில் ஆகாது. ஆட்கள் மாறிக்கொண்டேயிருக்க, பெயர் மட்டும் நிற்பது கம்பெனியிலும் நடக்கிறதே. ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று இந்தப் பக்கம் முழுக்க லைனில் நிற்பவர்களில் ஏராளமானோர் டிரெய்னிகள், காண்ட்ராக்ட் பையன்கள். காலக்கெடு முடிந்ததும் ஒரு பேட்ச் போகும், அடுத்த பேட்ச் வரும். மணிமங்கலத்தில் வாடகை அறைகளைக் காலி செய்துகொண்டு பையும் பாயுமாகக் கிளம்பும் பையன்களை நான் எப்போதும் பார்க்கிறேன். அங்கேயும் ஆள் மாறுகிறது, பெயர் நிற்கிறது. ஆனால் எந்தக் கம்பெனிக்கும் யாரும் வேலிக்கு வெளியே நின்று கை தட்டுவதில்லை.

வித்தியாசம் எங்கே என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான். லைனை வடிவமைக்கிறவர்கள், யார் போனாலும் போனது தெரியக்கூடாது என்றுதான் வடிவமைக்கிறார்கள். ஏழாம் ஸ்டேஷனில் நேற்று நின்றவன் இன்று இல்லையென்றாலும் அதே நொடிக் கணக்கில் பாகம் நகர வேண்டும். அது அவர்கள் தொழில். குறை சொல்ல ஒன்றுமில்லை. அணியில் அப்படி முடியாது. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிக்கிறவன் படிப்பு முடிந்து போனால், அடுத்த வருஷம் அணியின் ஆட்டமே வேறாகிவிடும். இடது ஓரத்தில் ஓடியவன் போனால், புதிதாக வருகிறவன் ஓடாமல் பாஸ் கொடுத்தே ஆடுவான். நடுவில் நிற்பவர்கள் எல்லோரும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும். போனவனுடைய இடம் காலியாக இருப்பது ஒரு சீசன் முழுக்கக் கண்ணில் தெரியும். ஒருவன் இருந்தான், இப்போது இல்லை என்பதை மறைக்காத இடம் அது. அதனால்தான் அதன்மேல் பாசம் வைக்க முடிகிறது.

எங்கள் பிளான்ட்டுக்கு மெஷின் நிறுவ வந்திருந்த மிச்சிகன்காரர் ஒருவர் இதை உடனே புரிந்துகொண்டார். கார் தொழிலின் தாய்வீட்டிலிருந்து வந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணிக்குப் பரம ரசிகர். பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டே பக் என்ற ரப்பர் வில்லையை அடித்து ஆடும் ஆட்டம் அது. நம் நாட்டில் லடாக்கில் குளங்கள் உறையும் பருவத்தில் ஆடுகிறார்கள். அவர் ஊரில் அது திருவிழா. 2010 டிசம்பர் 11 அன்று அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள்ளேயே பனித்தளம் போட்டு மிச்சிகனும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதியபோது, கின்னஸ் கணக்கில் 1,04,173 பேர் பார்த்தார்கள். எங்கள் ஆட்டத்துக்குப் படிக்கட்டில் நாற்பது பேர் வந்தால் கூட்டம்.

ஆனால் அவருக்கும் எனக்கும் இருந்த வருத்தம் ஒன்றே. 2021-இல் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். தேர்ந்தெடுத்த இளைஞர்களில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் அடுத்த சீசனில் மிச்சிகனுக்கு ஆடினார்கள். அப்படியும் 2022 தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் மிச்சிகன் டென்வரிடம் 3-2 என்று தோற்றது. அதோடு அந்த அணி கலைந்தது. எங்களுக்கு என்.எச்.எல். இல்லை; ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கி, போலீஸ் இருக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துப் பையன் போகும்போது, ஒரு வீடு தலைநிமிர்கிறது என்று மனம் குளிரும். நல்ல ஆட்டக்காரன் போய்விட்டானே என்றும் அடித்துக்கொள்ளும். அவன் நன்றாக வர வேண்டும் என்று கத்துகிறோம். நன்றாக வந்தால் நம்மை விட்டுப் போய்விடுகிறான். ஆசிரியர்களுக்கும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பன்மாருக்கும் இது விளங்கும்.

அந்த மிச்சிகன்காரரிடம் 1980-ஐப் பற்றிப் பேசினேன். அந்த வருஷம் பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸில், பெரும்பாலும் கல்லூரிப் பையன்களைக் கொண்ட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி சோவியத் யூனியனை 4-3 என்று வென்றது. அதே வருஷம் ஜூலையில் மாஸ்கோ ஒலிம்பிக்ஸில், சென்னை லயோலா கல்லூரியில் படித்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நம் ஹாக்கி அணி ஸ்பெயினை அதே 4-3 கணக்கில் வென்று தங்கம் வாங்கியது. மிச்சிகன்காரர் அந்த அமெரிக்க அணியின் பெயர்களைக் கடகடவென்று ஒப்பித்தார். நான் பாஸ்கரன், சுரிந்தர் சிங் சோதி, முகமது ஷாஹித், ஜாபர் இக்பால் என்று தொடங்கி, கௌஷிக்கில் வந்து திணறினேன். நம்மில் பலர் பாஸ்கரனைத் தாண்டுவதே கஷ்டம். அதற்குப் பிறகு ஆண்கள் ஹாக்கியில் நாம் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை.

ரசிகனின் வேலை என்ன என்பது அப்போதுதான் எனக்குத் துலங்கியது. ஆடுகிறவன் மூன்று வருஷத்தில் போகிறான். பி.டி. சார் ஓய்வு பெறுகிறார். கோப்பைகள் முதல்வர் அறை அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. இன்ன வருஷம் மழையில் இன்ன கோல்கீப்பர் நான்கு பெனால்டி கார்னரைத் தடுத்தான் என்று சொல்ல வேலிக்கு வெளியே நின்றவன்தான் மிஞ்சுகிறான். மணிமங்கலத்தில் இருந்துகொண்டு இதை நினைக்காமல் இருக்க முடியாது. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது. இரண்டு அரசர்களின் பெயரும் நமக்குத் தெரியும். நின்று சண்டை போட்ட சாதாரணப் படைவீரர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

ரசிகத்தனம் வெறியாவதும் உண்டு. கட் அவுட்டையும் கைகலப்பையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்லூரி அணி அதற்கும் ஒரு மருந்து வைத்திருக்கிறது. இன்று எதிரணியில் நின்று நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் முன்களப் பையன், நாளைக்கு நம் பையனோடு ஒரே ரயில்வே அணியில் ஆடுவான். பகையை வைத்துக்கொள்ள அவகாசமே இருப்பதில்லை. 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதிக்குத் தாம்பரம் போய் மின்சார ரயில் பிடித்துப் போயிருந்தேன். ஜப்பானை 5-0 என்று வென்ற அந்த ஆட்டத்தின் கடைசி கோல் கார்த்தியுடையது. எனக்குப் பின்வரிசையில் கோவில்பட்டிக் குரல்கள் எழுந்தன. திரும்பிப் பார்த்தால், அந்தக் காலத்தில் எங்களோடு மல்லுக்கு நின்ற பக்கத்துக் கல்லூரிக்காரர்கள். "என்ன அண்ணாச்சி, நீங்களும் வந்தாச்சா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மனைவியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: எனக்கு ஒன்றும் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். நான் கணக்கு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் ஆள் மாறிக்கொண்டிருக்கும் இந்தக் கம்பெனிகளுக்கு நடுவில், வந்து போனவர்களைப் பெயர் சொல்லி நினைக்க ஒருவராவது இருக்க வேண்டும் என்று அந்த அணிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. லைனில் என் பக்கத்தில் நின்று போன பையன்களின் பெயரையும் ஊரையும் இப்போது ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தாம்பரம் வரை இந்தப் பக்கத்திலும் எத்தனையோ கல்லூரிகள், எத்தனையோ மைதானங்கள். ஹாக்கியோ, கபடியோ, வாலிபாலோ, உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடருங்கள். ஒரு கோப்பையோடு விட்டுவிடாதீர்கள். மூன்று பேட்ச் வந்து போகும் வரையாவது பாருங்கள். பையன்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.