நமக்கொரு தராசு, பிறருக்கொரு தராசா?

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் தனியாக ஒரு சூராவே அருளப்பட்டுள்ளது. ‘முதஃப்பிஃபீன்’ என்பது அதன் பெயர். தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடுதான் என்று அது எச்சரிக்கிறது. அதை ஓதும்போது நம்மில் பலருக்கு அரிசிக் கடைப் படியும் ஜவுளிக் கடை முழக்கோலுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனிதனின் உழைப்பும் அளந்து வாங்கப்படுகிற ஒன்றுதான். அந்த அளவையில் நடக்கும் மோசத்தை யார் எண்ணிப் பார்க்கிறோம்?

2022-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்திலிருந்து பிரான்சு முதலிய நாடுகளுக்குப் பயணிகள் கப்பல் விடும் ‘பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ்’ கம்பெனி, அன்று தன் கப்பல்களைத் துறைமுகத்தில் நிறுத்தியது. முன்பே பதிவு செய்த ஒரு வீடியோவில் ஓர் அதிகாரி தோன்றி, இன்றோடு உங்கள் வேலை முடிந்தது என்று அறிவித்தார். சில நிமிடங்களில் 786 மாலுமிகளும் சிப்பந்திகளும் வேலை இழந்தார்கள். அவர்களுக்குப் பதிலாக ஏஜென்சி மூலம் வெளிநாட்டு ஆட்கள் அமர்த்தப்பட்டனர். இவர்களுக்குச் சராசரிக் கூலி மணிக்கு 5.50 பவுன். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியோ அப்போது 8.91 பவுன். வெளிநாட்டுக் கொடியோடு நாடு விட்டு நாடு ஓடும் கப்பல்களை அந்தச் சட்டம் எட்டவில்லை.

இந்தக் கம்பெனி, துபாய் அரசுக்குச் சொந்தமான ‘டி.பி. வேர்ல்டு’ நிறுவனத்தின் கையில் இருந்தது. இதைச் சொல்லும்போது நமக்குத் தலை குனிகிறது. அயலார் செய்தால் அநியாயம், நம்மவர் செய்தால் வியாபாரம் என்று பேச மார்க்கம் நமக்கு இடம் தரவில்லை.

ஆண்டுக்குப் பத்துக் கோடி பவுன் நஷ்டம் என்றது கம்பெனி. நஷ்டத்தில் மூழ்குகிறவன் ஆளைக் குறைக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடையை வாடகைக்கு எடுத்தவன் முதலை இழந்து வியாபாரமே செய்ய முடியாமல் போனால், ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஹனஃபி கிதாபுகள் கூறுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய சொந்த நெருக்கடிக்காக இஜாரா முறிவதில்லை; தவணை முடியும்வரை அது கட்டுப்படுத்தும். மாதக் கூலிக்கு அமர்த்தியவரை மாத முடிவில் விடுவிக்க வழி உண்டு. ஆகவே ஆட்குறைப்பு எல்லாமே ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை.

அப்படியானால் குற்றம் எங்கே? ஒரு வாரம் கழித்து அக்கம்பெனியின் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழுவின் முன் அதைத் தாமே சொன்னார். தொழிற்சங்கங்களோடு முன்கூட்டிக் கலந்து பேசுவது சட்டக் கடமை என்பது தமக்குத் தெரியும். எந்தச் சங்கமும் சம்மதிக்காது என்பதால் பேசாமலிருக்கத் தீர்மானித்தோம். அதற்கு நஷ்ட ஈடு கொடுக்கிறோம். அவர் கூறியதன் சாரம் இதுதான்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். சத்தியத்தை முறித்தவனுக்குக் கஃப்பாரா உண்டு. பத்து ஏழைகளுக்கு உணவளிக்கப் பணம் இருக்கிறது என்பதற்காக, ஒருவன் அன்றாடம் சத்தியம் செய்து அன்றாடம் முறித்தால் அவனை நல்லவன் என்போமா? கஃப்பாரா, தவறிவிட்டவனுக்கு அல்லாஹ் திறந்துவிட்ட வாசல். தவறத் திட்டமிடுகிறவனுக்கு விற்கப்படும் டிக்கெட்டு அன்று. நஷ்ட ஈடும் அப்படியே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற ‘மாயிதா’ சூராவின் முதல் கட்டளையைப் பணத்தால் வாங்கி ஒதுக்கி வைக்க முடியாது.

இனி அந்தத் தராசைப் பார்ப்போம். 2024 மே மாதம் அதே அதிகாரி மீண்டும் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார். சம்பளமும் போனஸுமாக ஓராண்டில் அவர் பெற்றது ஏறத்தாழ 5,08,000 பவுன். கப்பலில் மிகக் குறைந்த கூலியோ மணிக்கு 4.87 பவுன். இந்தக் கூலியில் உங்களால் வாழ முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் முழு மூமினாக மாட்டார் என்ற நபிமொழியைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அதற்கு நேர் எதிரான வாக்குமூலம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியுமா?

ஹிஜ்ரி 18-இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியது. மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டாமென்று விலக்கிவிட்டார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். குறைப்பு மேலிருந்து தொடங்கியது. இன்றைய கம்பெனிகளிலோ நெருக்கடி வந்தால் கத்தி முதலில் கீழ்ப்படியில் விழுகிறது. மேல்மாடியில் நாற்காலிகளின் எண்ணிக்கைகூடக் குறைவதில்லை. உழைப்பவனின் உள்ளம் கொதிப்பது கூலிக்காக மட்டுமன்று, இந்த வேறுபாட்டுக்காகவும்தான்.

அநியாயம் இழைக்கப்பட்டவன் அதை வெளிப்படையாக எடுத்துரைக்க ‘நிஸா’ சூராவின் 148-ஆவது வசனம் இடமளிக்கிறது. ஆனால் அந்தக் கோபம் உரியவன்மீது செல்ல வேண்டும். குறைந்த கூலிக்கு அந்த இடத்தில் வந்து நிற்கும் ஏழையும் தன் பிள்ளைகளுக்காகக் கடல் கடந்தவன்தான். இருவரும் ஒரே தராசில் குறைத்து நிறுக்கப்பட்டவர்கள்.

‘ரிஸ்கு அல்லாஹ்வின் கையில்’ என்பார்கள். உண்மை. வேலை இழந்தவனின் தோளைத் தொட்டு அண்டை வீட்டார் இதைச் சொன்னால் அது ஆறுதல். வேலையைப் பறித்தவனே இதைச் சொன்னால் அது தப்பிக்கும் வழி. பொறுமையை உபதேசிக்கும் உரிமை அநியாயம் செய்தவனுக்கு இல்லை.

பெரிய கம்பெனிகள் நம் பேச்சைக் கேட்கப் போவதில்லை. நம் கடைகளும் வீடுகளும் கேட்கலாமல்லவா? பல ஆண்டுகள் கல்லாவைக் காத்த பணியாளை முன்னறிவிப்பின்றி நிறுத்துகிறோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், நாளை முதல் வர வேண்டாம் என்று வாசலில் வைத்துச் சொல்லிவிடுகிறோம். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். எதிரில் உட்காரவைத்து, முகம் பார்த்து, அவகாசம் கொடுத்து, பாக்கியைத் தீர்த்து அனுப்பினோமா? அந்த இடத்தில் நம் மகன் இருந்தால் இப்படிச் செய்வதைப் பொறுத்துக்கொள்வோமா?

வேலையாளை அமர்த்தி, முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதிடப் போவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த வழக்கில் எந்த வக்கீலும் நமக்கு உதவ மாட்டார். ஒரே தராசால் நிறுக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.