கல்லறையில் விட்டுவந்த பெண்

ரோமியோ ஜூலியட் கதைக்கு ஒருமுறை தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. 1562இல் ஆர்தர் புரூக் என்ற ஆங்கிலக் கவிஞர் அதை நெடுங்கவிதையாக வெளியிட்டார். ஷேக்ஸ்பியர் தம் நாடகத்துக்கு முதன்மையாக எடுத்துக்கொண்டது அதைத்தான். அதில் விஷம் விற்ற மருந்துக்கடைக்காரனுக்குத் தூக்கு. திருமணத்தை மறைத்த செவிலிக்கு நாடுகடத்தல். மணம் முடித்துவைத்த பாதிரியார் லாரன்ஸுக்கு விடுதலை. வெரோனாவுக்கு இரண்டு மைல் தள்ளி, 5 ஆண்டுகள் தனிமைத் தவத்தில் இருந்து சாகிறார். முன்னுரையில் புரூக், பெற்றோரை மதிக்காத காதலர்களைக் கண்டிக்கிறார்.

சுமார் 1595இல் எழுதிய ஷேக்ஸ்பியர் இந்தத் தண்டனைகளை எடுத்துவிட்டார். சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று கோமகன் எஸ்காலஸ் பொதுவாகச் சொல்வதோடு நாடகம் முடிகிறது. யாருக்கு எது என்பதைச் சொல்வதில்லை.

விதியின் மேல் பழியைப் போடுவோர் உண்டு. காதலர்களின் கிரகம் சரியில்லை என்றுதான் நாடகமே தொடங்குகிறது. லாரன்ஸின் கடிதத்துக்கு நேர்ந்ததும் அப்படித்தான் தோன்றும். ஜூலியட் சாகவில்லை, 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கவைக்கும் மருந்தைக் குடித்திருக்கிறாள் என்ற செய்தியோடு பாதிரியார் ஜான் ரோமியோ இருக்கும் மான்டுவாவுக்குப் புறப்படுகிறார். வழியில், கொள்ளைநோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட வீட்டில் அவரை வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். 1592க்கும் 1594க்கும் இடையே பெரும்பாலும் நோயால் அரங்குகள் மூடிக்கிடந்த லண்டனில், அந்தப் பூட்டு என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அதற்கு லாரன்ஸ் பொறுப்பல்ல.

அவர் நினைத்ததும் நல்லதே. இந்தக் கல்யாணத்தால் இரண்டு வீட்டுப் பகையும் தீரும் என்று நம்பினார். பாவம் செயலில் இல்லை, தகாதது என்று தெரிந்தும் மனம் அதற்கு இசைவதில் இருக்கிறது என்று 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்ட் வாதிட்டார். அப்படிப் பார்த்தால் ரகசியத் திருமணமும் மயக்க மருந்தும் லாரன்ஸைப் பாவியாக்காது. பலரும் அவரை இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

விடக் கூடாது. கல்லறைக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

ஜூலியட் கண் விழிக்கிறாள். எதிரே லாரன்ஸ், பக்கத்தில் ரோமியோவின் உடல். காவலர் வரும் சத்தம் கேட்கிறது. வா, கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று அவசரப்படுத்துகிறார். அவள் நகரவில்லை. அவர் போய்விடுகிறார். அவள் ரோமியோ விஷம் குடித்த கோப்பையைப் பார்க்கிறாள், ஒரு சொட்டும் மிச்சமில்லை. உதட்டை முத்தமிடுகிறாள், இன்னும் சூடு ஆறவில்லை. அவனுடைய குறுவாளை உருவுகிறாள். வெளியே மண்வெட்டியோடு நடுங்கி அழுதுகொண்டிருந்த லாரன்ஸைக் காவலர் பிடிக்கிறார்கள்.

இரண்டு நாளுக்கு முன்புதான் இதே பெண் அவர் அறைக்குக் கத்தியோடு வந்து, வழி சொல்லாவிட்டால் குத்திக்கொள்வேன் என்றாள். அதற்குப் பதிலாகத்தான் அவர் மருந்தே கொடுத்தார். அவளுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை. தான் பார்த்த மாப்பிள்ளை பாரிஸைக் கட்டாவிட்டால் தெருவில் கிட என்று தகப்பன் கைவிட்டாயிற்று, செவிலியும் பாரிஸையே கட்டிக்கொள் என்று சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தவர் இவர் ஒருவர்தான். அவள் என்ன செய்வாள் என்று தெரிந்தே போனார். கடிதம் தவறியது விபத்து. இது விபத்தல்ல. அபெலார்டின் அளவுகோலே இங்கே அவருக்கு எதிராகத் திரும்புகிறது: பயத்துக்கு மனம் இசைந்தது.

லாரன்ஸ் அதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டுப் பயந்து வெளியேறினேன் என்கிறார், தன் கிழட்டு உயிரைச் சட்டத்துக்குத் தரவும் தயாராகிறார். கோமகனோ அவரைப் புனிதர் என்று சொல்லிக் கடந்துபோகிறார். பகையைக் கண்டும் காணாமல் இருந்த தனக்கும் தண்டனை கிடைத்தது, இரண்டு உறவினரை இழந்தேன் என்கிறார். இரண்டு தகப்பன்களும் கை கொடுத்துக்கொள்கிறார்கள். ஜூலியட்டுக்குப் பொன்னில் சிலை வைப்பதாக ரோமியோவின் தகப்பன் மாண்டேகு வாக்களிக்கிறார்.

புரூக் தூக்கிலிட்ட அந்த மருந்துக்கடைக்காரன்? கந்தல் உடையும் பசித்த கண்ணுமாக, காலி டப்பாக்களை வரிசையாக அடுக்கி, ஓர் ஆமையைத் தொங்கவிட்டு, கடை நிறைந்திருப்பதுபோல் காட்டிக்கொண்டவன். விஷம் விற்றால் மான்டுவாவில் மரண தண்டனை. அவன் மனமில்லாமல், வறுமைக்காகவே 40 பொற்காசுக்கு விற்றான். அதை அவனே சொல்கிறான். ஷேக்ஸ்பியர் அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கடைசிக் காட்சியில் அவனைப் பிடித்துவரச் சொல்லி மான்டுவாவுக்கு ஆள் அனுப்பவும் இல்லை.