கடலுக்குத் தப்பிய முட்டைகள்

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள மிட்வே தீவுகளில்தான் உலகிலேயே மிகப் பெரிய அல்பட்ராஸ் கடற்பறவைக் கூட்டம் முட்டையிடுகிறது. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய சுனாமி அங்கும் ஏறி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளைக் கொன்றது. 2018இல் அதே தீவு வரிசையிலிருந்த ஈஸ்ட் தீவு, வலாக்கா புயலில் ஏறக்குறைய முழுவதுமாகக் கரைந்துபோனது.

கடல் ஏறிக்கொண்டே போனால் அங்குள்ள கருங்கால் அல்பட்ராஸ் இனம் எங்கே கூடு கட்டும்? 2021இல் அதன் முட்டைகள் சில, மிட்வேயிலிருந்து விமானத்தில் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்குப் போயின. அது உயரமான எரிமலைத் தீவு. அங்கே குடியேறியிருந்த லேசான் அல்பட்ராஸ் இணைகள் அவற்றை அடைகாத்தன. பொரித்த வேற்றினக் குஞ்சுகளுக்கு இரையும் ஊட்டின.

கருங்கால் அல்பட்ராஸ் ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடுவதில்லை. அதை எடுத்துவிட்டால் அந்தத் தாய்க்கு அந்த ஆண்டே இல்லை. அதற்கு மனிதனுக்கு என்ன உரிமை?

ஹவாய் மக்களின் நம்பிக்கையில், மிட்வேயும் அடங்கிய அந்த வடமேற்குத் தீவுகள் உயிர் தோன்றிய இடம். இறந்தோரின் ஆவி திரும்பிச் சேரும் இடம். அங்கிருந்து ஓர் உயிரைப் பெயர்ப்பது இலேசான காரியமல்ல. படைப்பின் ஒழுங்கில் கைவைக்கக் கூடாது என்ற அச்சம் பல சமயங்களில் உண்டு. மதிக்கத்தக்க அச்சம்தான். ஆனால் மனிதன் கைவைத்து வெகுகாலமாகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த புகை கடலைச் சூடாக்கி உயர்த்திய பிறகு, 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று ஒதுங்குவது பணிவு ஆகாது. அது தப்பித்தல்.

அதே காரணத்தால் இந்த இடமாற்றத்தைக் கருணை என்று கொண்டாடவும் முடியாது. இது பட்ட கடன். தஞ்சம் தரும் தீவும் மனிதனால் சீரழிந்ததுதான்: கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போன ஆடுகள் குவாடலூப்பின் காடுகளை மொட்டையடித்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவை அகற்றப்பட்டன. ஆடுகள் போன பிறகும், காட்டில் திரியும் பூனைகள் எஞ்சியிருந்தன.

குஞ்சு எங்கிருந்து முதன்முதலாகப் பறந்து போகிறதோ, அந்த மண்ணுக்கே பின்னாளில் திரும்பும். இந்த இயல்பை நம்பித்தான் முட்டையாகவும் இளங்குஞ்சாகவும் கொண்டுபோனார்கள். பறந்தவை சில ஆண்டுகளைக் கடலிலேயே கழிக்கும். திரும்பினாலும் இணை தேடி முட்டையிட மேலும் காலமாகும். அதுவரையும் அதற்குப் பிறகும், பூனை நுழையாதபடி போட்ட வேலியை யாராவது பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.