சலிப்பின் மூன்று ஊற்றுகள்

பெங்களூர் நகரின் ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடி, பல ஆண்டுகள் ஆலைத் தொழிலாளர்களின் பகுதியாக விளங்கியது. 1950-களில் அங்கே எழுந்த 'மைகோ' தொழிற்சாலையில், வாகனங்களுக்கான ஸ்பார்க் பிளக்குகளும் எரிபொருள் செலுத்தும் பம்புகளும் உருவாயின. அதே இடம் புதுப்பிக்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நவீனத் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. உலோகத்தைக் கடைந்த கைகளின் இடத்தில் இன்று விசைப்பலகையைத் தட்டும் விரல்கள்! சுற்றியுள்ள தெருக்களில், வாடகை அறைகளிலும் விடுதிகளிலும், மென்பொருள் துறையில் பணியாற்றும் தமிழ் இளைஞர்கள் பலர் தங்கியிருக்கிறார்கள்.

அவர்களுள் ஒருவர், நான் பெங்களூர் சென்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆரதி முடிந்தபின் என்னிடம் வந்தார். மென்பொருள் துறையில் ஏழு ஆண்டு அனுபவம் உடையவர். வணங்கிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மகராஜ், நான்கு வாரம் கண்விழித்து எழுதிய நிரல், 'வாடிக்கையாளரின் தேவை மாறிவிட்டது' என்ற ஒரு வரி மின்னஞ்சலில் குப்பைக்குப் போய்விட்டது. ஒரு பிழையை இரண்டு நாள் தேடினேன்; கடைசியில் அது ஒரே ஓர் எழுத்து. அதைத் தவறாக எழுதியவனும் நானே. நள்ளிரவில் அலைபேசி ஒலித்தால் எழுந்து உட்கார வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் யாரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால் பத்துப்பேர் நடுவில் என் பெயர் அடிபடும். மூன்றாவது முறையாகச் சனி, ஞாயிறு விடுமுறையை விட்டுத்தரச் சொன்னபோது, 'என்னால் இயலாது' என்றேன். மேலாளர் சிரித்துக்கொண்டே, 'நீ கீதை படிப்பவன் ஆயிற்றே! பலனில் பற்று வைக்கலாமா?' என்றார். கர்மயோகம் என்பது இதுதானா? இதுதான் என்றால், அது எனக்கு வேண்டாம்."

அவர் குரலில் கோபத்தைவிட வேதனையே மிகுந்திருந்தது. தாம் போற்றி வந்த ஒரு நூலே தமக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை. அவருக்கு அன்று என்னால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதன்பின் இதுபற்றிச் சிந்தித்தவற்றை இங்கே எழுதுகிறேன். வேறு தொழில்களில் இருக்கும் அன்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

மூன்று தாபங்கள்

துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதா, எதிர்ப்பதா என்று கேட்பதற்குமுன், அது எங்கிருந்து வருகிறது என்று நம் முன்னோர் கேட்டனர். இயற்கையின் ஆற்றல்களால் வருவது ஆதிதைவிகம். மற்ற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். நம் உடலிலும் மனத்திலும் எழுவது ஆத்யாத்மிகம். நாள்தோறும் பிரார்த்தனையின் முடிவில் 'சாந்தி' என்று மூன்று முறை சொல்வது இந்த மூன்றும் அடங்குவதற்காகவே.

அந்த இளைஞர் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்த சலிப்பையும் இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம். அதில் ஒரு பங்கு தொழிலின் இயல்பிலிருந்து வருவது. ஒரு பங்கு மற்றவர்களின் நடத்தையிலிருந்து வருவது. எஞ்சிய பங்கு நமது அகங்காரத்திலிருந்து வருவது. மூன்றும் ஒரே வலியாகத் தோன்றினாலும், மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

தொழிலின் இயல்பு

1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மாபெரும் மென்பொருள் பணி ஒன்றை நடத்தியவர் ஃபிரெடெரிக் புரூக்ஸ். அவர் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் வழியைப் பின்பற்றி, மென்பொருள் பணியின் இடர்களை இரண்டாகப் பிரித்தார்: அதன் சாரத்திலேயே உள்ளவை, தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டவை. பின்னதைக் கருவிகளால் குறைக்கலாம். முன்னதைக் குறைப்பது அரிது. மென்பொருளின் சாரமாக அவர் நான்கைச் சொன்னார்: சிக்கல், பிறர் வகுத்த முறைகளுக்கு இணங்கியே ஆகவேண்டிய நிலை, ஓயாத மாற்றம், கண்ணுக்குப் புலப்படாமை.

இளைஞரின் குறைகளுள் பாதி இந்த நான்கில் அடங்கிவிடுகின்றன அல்லவா? கட்டி முடித்த பாலத்தை ஓரடி தள்ளிவைக்கும்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் மென்பொருள் மாற்றுவதற்கு எளிது என்று எல்லோரும் கருதுவதால், அதை மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கட்டடத்தில் ஒரு செங்கல் சிதைந்தால் சுவர் நிற்கும். நிரலில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் அனைத்தும் நின்றுவிடலாம். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலின் ஒரு பகுதியை நொடியில் எழுதித் தருகின்றன. ஆயினும் உண்மையில் எது வேண்டும் என்று தெளியும் சிரமம் மனிதனை விட்டு நீங்கவில்லை.

புலப்படாமைக்கு ஓர் உதாரணம் போதும். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது, ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்து வைத்திருந்த கணினிகள் தடுமாறும் என்ற அச்சம் உலகெங்கும் இருந்தது. நம் நாட்டுப் பொறியாளர்கள் உட்பட எண்ணற்றோர் பழைய நிரல்களை வரிவரியாகத் திருத்தினர். ஜனவரி முதல் நாள் பெரிய விபரீதம் எதுவும் நிகழவில்லை. உடனே, 'இவ்வளவு செலவும் உழைப்பும் வீண்தானோ?' என்று கேட்டவர்களும் உண்டு. பணியின் வெற்றியே அப்பணியை மறைத்துவிட்டது!

இந்த வகைச் சலிப்புக்கு மருந்து, திதிக்ஷை எனப்படும் பொறுமை. மழைக்காலத்தில் மழை பெய்கிறது என்று உழவன் நொந்துகொள்வதில்லை. மாறுவதே இத்தொழிலின் இயல்பு என்று உணர்ந்தவர், மாற்றத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மற்றவர்களின் நடத்தை

ஆனால், மேலாளர் கீதையைச் சுட்டிக்காட்டி விடுமுறையைப் பறிப்பது தொழிலின் இயல்பா? இல்லை. இது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பொறுமை என்ற மருந்தை இங்கே கொடுத்தால் நோய் முற்றும்.

பலனில் பற்றற்றிரு என்பது செயல் புரிபவன் தன்னைத்தானே ஆளுவதற்காகத் தரப்பட்ட உபதேசம். பிறருடைய உழைப்பின் பலனை அனுபவிக்கும் ஒருவர், உழைத்தவரைப் பார்த்து அதைச் சொல்ல எந்த உரிமையும் இல்லை. சொல்ல விரும்பினால், முதலில் தம் பலனைத் துறந்துவிட்டுச் சொல்லட்டும்! மேலும், கீதை பிறந்த இடத்தை நாம் மறக்கலாகாது. அநீதியைச் சகித்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று பகவான் அர்ஜுனனுக்குச் சொல்லவில்லை. வில்லைக் கீழே வைத்தவனை எழுந்து நிற்கச் செய்தார்.

ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பாம்பின் கதையை அன்பர்கள் அறிவார்கள். கடிப்பதை விட்ட பாம்பைச் சிறுவர்கள் அடித்துக் குற்றுயிராக்கினர். திரும்பிவந்த பிரம்மசாரி, தாம் கடிப்பதை மட்டுமே தடுத்ததாகவும், சீறுவதைத் தடுக்கவில்லை என்றும் அதற்கு விளக்கினார். அலுவலகத்தில் சீறுவது என்றால் கத்துவதன்று. 'இந்தப் பணிக்கு இத்தனை நாள் வேண்டும். அதற்குள் முடித்தால் இன்னின்ன ஆபத்து உண்டு' என்று நிதானமாக, எழுத்தில், மாற்றமின்றிச் சொல்வதே அது. தாமதமான மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இதை மேலதிகாரிகளுக்கு யாரேனும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தனியொருவரால் சொல்ல முடியாதபோது பலர் சேர்ந்து சொல்வதும் தர்மத்துக்கு உட்பட்டதே. 2024-ஆம் ஆண்டு கர்நாடகத்தில், இத்துறையினரின் ஒரு நாள் வேலையை 14 மணி நேரம் வரை நீட்டிக்க இடமளிக்கும் யோசனை எழுந்தபோது, ஊழியர் சங்கத்தினர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். மனத்தில் துவேஷம் இல்லாமல் இவ்வாறு செய்ய முடிந்தால் அதுவும் கர்மயோகமே.

நமது அகங்காரம்

மூன்றாவது ஊற்று நமக்குள்ளேயே இருக்கிறது. அதைக் காண்பதுதான் கடினம்.

நான்கு வார உழைப்பு வீணானபோது இளைஞருக்கு வலித்தது எது? அவருக்குச் சம்பளம் குறையவில்லை, கற்றுக்கொண்டதும் போய்விடவில்லை. 'என்னுடையது' என்று ஒட்டியிருந்த ஒன்று பிய்க்கப்பட்டது, அதுதான் வலித்தது. பிழை தம்முடையது என்று தெரிந்தபோது வந்த எரிச்சலும் அப்படிப்பட்டதே. இந்த உண்மையை மென்பொருள் உலகமே கண்டறிந்திருக்கிறது. 1971-இல் ஜெரால்டு வைன்பர்க் என்ற அறிஞர், நிரல் எழுதுவோரின் உளவியலை ஆராய்ந்து எழுதிய நூலில், அகங்காரமற்ற நிரலாக்கம் என்ற கருத்தை முன்வைத்தார். தன் நிரலைத் தன் ஆளுமையின் ஓர் அங்கமாகக் கருதுபவர், அதிலுள்ள பிழைகளைக் காண முடியாதவராகிவிடுகிறார். எனவே அதைப் பிறர் படித்துக் குறை காண இடம்தர வேண்டும் என்பது அவரது கருத்தின் சாரம். வேதாந்தம் அறியாத ஒருவர் தம் தொழிலின் வழியே வேதாந்தத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்!

இது வெறும் மன அமைதி பற்றிய விஷயமன்று. பிரிட்டன் நாட்டு அஞ்சல் துறையில் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்குமுறை மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. அதன் கோளாறுகளால், கிளை அஞ்சலகங்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறை தோன்றியது. மென்பொருளில் தவறு இருக்க முடியாது என்று பொறுப்பிலிருந்தோர் சாதித்தனர். 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, கருவுற்றிருந்த நிலையில் 2010-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். சிலர் தற்கொலை செய்துகொண்டனர். 2019-இல் உயர்நீதிமன்றம் மென்பொருளின் குறைகளை உறுதிசெய்தது. 2024-இல்தான் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது.

பிழை எல்லா நிரலிலும் உண்டு, அது மன்னிக்கத்தக்கது. 'எங்களிடம் பிழை இருக்காது' என்ற அகங்காரம்தான் நிரபராதிகளைச் சிறையில் தள்ளியது. ஆகவே, 'இது என் தவறு. நான் திருத்துகிறேன்' என்று பத்துப்பேர் நடுவில் அமைதியாகச் சொல்ல முடிவது பெரிய ஆன்மிக சாதனை. பலனில் பற்றை விட்டவரால்தான் அப்படிச் சொல்ல முடியும். பற்றை விடுவது அக்கறையை விடுவதன்று. பற்று, நிரலில் 'என்னை'ப் பார்க்கிறது. அக்கறை, அதைப் பயன்படுத்தப்போகும், முகம் தெரியாத மனிதரைப் பார்க்கிறது.

மருந்து மாறினால்

பெரும்பாலும் நாம் மருந்துகளை மாற்றிப் போட்டுவிடுகிறோம். தொழிலின் இயல்போடு சண்டை போடுகிறோம். அநீதியைக் கண்டு 'விதி' என்று அடங்கிப்போகிறோம். அகங்காரம் அடிபடும்போது அதை அநீதி என்று எண்ணிக் கொதிக்கிறோம். முதலாவதை ஏற்றுக்கொள்வது, இரண்டாவதை எடுத்துச் சொல்லித் திருத்துவது, மூன்றாவதை இறைவனின் திருவடியில் விட்டுவிடுவது—இந்த முறை தவறாமல் இருக்கத் தேவைப்படுவதே விவேகம். எது எந்த வகை என்பது எப்போதும் தெளிவாகத் தெரியும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே நிகழ்ச்சியில் மூன்றும் கலந்திருக்கலாம். அதனால்தான் விவேகத்தை ஒரு நாள் பாடமாக அல்லாமல், வாழ்நாள் சாதனையாகப் பெரியோர் வைத்தனர்.

கர்மயோகம் பற்றிச் சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கில் சொற்பொழிவுகள் நிகழ்த்தியது 1895 டிசம்பரிலும் 1896 ஜனவரியிலும். அந்த டிசம்பரில் அவரிடம் சுருக்கெழுத்தாளராக வந்து சேர்ந்தவர் ஜே. ஜே. குட்வின் என்ற ஆங்கில இளைஞர். கூலிக்கு வந்தவர், விரைவில் கூலியை மறுத்துவிட்டுச் சீடரானார். பகலில் கேட்டு எழுதுவது, இரவில் தட்டச்சு செய்வது என்று ஓயாமல் உழைத்தார். 1898 ஜூன் 2-ஆம் நாள், நம் உதகமண்டலத்தில், 27-ஆம் வயதில் காலமானார். சுவாமிஜியின் சொற்பொழிவுகள் பலவும் இன்று நம் கையில் இருப்பது அவருடைய விரல்களால்தான். அவற்றைத் தமிழாக்கம் செய்ய அமரும்போதெல்லாம், அவற்றில் ஒரு சொல்கூட குட்வினுடையதன்று என்பது என் நினைவுக்கு வரும். புலப்படாத உழைப்பு வீணான உழைப்பன்று என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று தேவைப்படவில்லை.

சில மாதங்களுக்குப்பின் அந்த இளைஞரிடமிருந்து கடிதம் வந்தது. மேலாளரிடம் மாதத்தில் எத்தனை விடுமுறை நாள் தம்மால் விட்டுத்தர முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். மேலாளருக்கு மகிழ்ச்சி இல்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளரின் தேவை மறுபடியும் மாறியதாம். 'இந்த முறை வலி குறைவாக இருந்தது மகராஜ். வலிக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்' என்று முடித்திருந்தார்.

அந்த நேர்மைதான் முதல் படி. அதன்மேல் நின்று மற்றப் படிகளை ஏற அன்னை ஸ்ரீசாரதாதேவியார் அவருக்கும் நம் அனைவருக்கும் அருள்புரியட்டும்.