கடைசியாகத் தொட்டவர்

தேக்கா சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மீனையும் முருங்கைக்காயையும் பின்னால் வைத்துவிட்டு அப்பா சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பியபோது எஞ்சின் சோம்பலாக ஒரு சுற்று சுற்றி நின்றது. மூன்றாவது முறை எப்படியோ பிடித்துக்கொண்டது. சிராங்கூன் ரோட்டிலிருந்து சாங்கி வரும்வரை ஏசி போடாமல் வந்தோம். ஏபிஎஸ் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. கியர் மாறும்போது வண்டி ஓரிரு முறை உதறியது.

நான் வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். “அந்த அண்ணன் ஒழுங்கா மாட்டலப்பா.”

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் காக்கி புக்கிட் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஆல்டர்நேட்டரை மாற்றியிருந்தோம். மாற்றியவர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பைக்கில் பாலம் கடந்து வேலைக்கு வரும் தமிழர். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். அவர் கை பட்டது, மூன்றே வாரத்தில் வண்டி நின்றது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2009ல் பதிவான ஜப்பானிய எஸ்யூவி. சிங்கப்பூரில் 1990லிருந்து கார் வாங்குபவர் சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழையும் ஏல விலைக்கு வாங்க வேண்டும். அதன் ஆயுள் பத்து வருடம். அதற்குள் பெரும்பாலான வண்டிகள் ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோ போய்விடும். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பவர்கள் இன்னும் ஐந்து அல்லது பத்து வருடத்துக்குப் பணம் கட்டலாம். அப்பா 2019ல் பத்து வருடத்துக்குக் கட்டினார். அதன்பின் வருடம் தவறாமல் பரிசோதனை. சாலை வரியிலும் கூடுதல் கட்டணம், பதினான்கு வருடம் தாண்டிய வண்டிக்கு அது 50 விழுக்காடு. புது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ மட்டுமே 1,50,000 வெள்ளியைத் தொட்டது. அதனால் இந்தக் கிழட்டு வண்டியில் ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் எங்கள் வீட்டில் முகங்கள் மாறும். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் இறக்கி வைக்க ஓர் ஆளும் தேவைப்படும்.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே 13.8லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13.2 காட்டியது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். நான் நான்யாங்கில் இயந்திரப் பொறியியல் படித்தவன், விமானப் பராமரிப்பில் வேலை செய்பவன். எண்ணைக் காட்டிப் பேசத் தெரியும். பட்டறை முதலாளியான தவுக்கேயும் எண்ணை மதிப்பவர். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“மாட்டிட்டுப் பார்த்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு தம்பி.”

“இப்ப இல்லையேண்ணே.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு ஆல்டர்நேட்டரை இலவசமாக மாற்றித் தரச் சொன்னார் தவுக்கே. இலவசம் எனக்கு மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

நான்கு நாள் கழித்து மறுபடி ‘டக்’. மீட்டரை வைத்தேன். அதே 13.2.

ஒரு பாகத்தையே மாற்றியாகிவிட்டது, எண் அசையவில்லை. அப்படியானால் அந்த எண் அந்தப் பாகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாங்கி வில்லேஜில் எங்கள் புளோக்கின் கீழே பானெட்டைத் திறந்துவைத்து, முதல் முறையாகப் பொறுமையாக உட்கார்ந்தேன்.

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். எஞ்சினுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே ஓடும் தடித்த எர்த் கேபிள்தான் திரும்பும் பாதை. ஹெட்லைட், ஏசி எல்லாவற்றையும் போட்டுவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஆல்டர்நேட்டரின் மீதே வைத்தேன். 14.3. அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. பேட்டரிக்கு வந்து சேர்வதற்குள் 1.1 வோல்ட் காணாமல் போகிறது. பிறகு மீட்டரின் ஒரு முனையை எஞ்சினின் உலோக உடலிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். அங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம் இருக்க வேண்டும், 0.2ஐத் தாண்டினாலே கேபிளைச் சந்தேகிக்கலாம். காணாமல் போன 1.1 அங்கேதான் இருந்தது. அப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். 2.4க்கு ஏறியது.

கேபிளைக் கழற்றினேன். கறுப்பு ரப்பர் உறை பளபளவென்று இருந்தது. முனைக்குப் பக்கத்தில் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு, செம்பு இழைகளில் பாதி பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடற்காற்றில் இத்தனை வருடம் நின்ற வண்டி. சும்மா கிடக்கும்போது அது நல்ல கேபிள்தான். அதன் மின்தடை 0.02 ஓம், சாதாரண மல்டிமீட்டர் கண்டுகொள்ளாத அளவு. ஸ்டார்ட்டர் 120 ஆம்பியர் கேட்கும்போதுதான் அதே 0.02 ஓம் 2.4 வோல்ட்டை விழுங்கும். ஏபிஎஸ் விளக்குக்கும் கியர் உதறலுக்கும் அதுவே காரணம். எஞ்சினின் உடலைப் பூஜ்யமாக வைத்துத்தான் வண்டியின் கணினிகள் மற்ற அளவுகளைப் படிக்கின்றன. பூஜ்யமே நகர்ந்துவிட்டால் நல்ல சென்சாரும் பொய் சொல்வதுபோலத் தெரியும்.

புதுக் கேபிளின் விலை 25 வெள்ளி.

அப்பாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “முதல்ல ஆல்டர்நேட்டர் போச்சு, மாத்தச் சொல்லுங்கன்னு சொன்னது நீதானேப்பா?”

ஆமாம். நான்தான். கைப்பேசியில் தேடினேன். முதல்முறை பட்டறைக்குப் போவதற்கு முன் எடுத்த படம் இருந்தது. 13.1. தூக்கிப்போட்ட பழைய ஆல்டர்நேட்டரிலேயே கோளாறு இருந்திருக்காது. பட்டறையில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து கொடுத்ததால் மூன்று வாரம் ஓடியிருக்கிறது. தவறான தீர்ப்பை முதலில் எழுதியவன் நான், நிறைவேற்றியவர் அவர், தண்டனையும் அவருக்கு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணம் ஆகிவிடாது. பள்ளிக்கூடத்திலேயே படித்தாகிவிட்டது. ஆனால் கதையில் காக்கைக்கு யாரும் அபராதம் போடுவதில்லை, நாம் போடுகிறோம். கடைசியாகத் தொட்டவர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறார். பல சமயம் எதிர்த்துப் பேச முடியாத இடத்திலும் நிற்கிறார். பதினாறு வருட உப்புக்காற்றைக் கூப்பிட்டு வைத்து விசாரிக்க முடியாது.

என்னை உறுத்துவது நான் அளக்காமல் விட்டது இல்லை. அளந்தேன். 13.2 என்பது உண்மையான எண். ஆனால் ஆல்டர்நேட்டர் கெட்டாலும் அதே எண்தான் வரும், கேபிள் கெட்டாலும் அதே எண்தான் வரும். அவரைக் குற்றவாளியாக்க மட்டுமே பயன்படக்கூடிய இடத்தில் மீட்டரை வைத்துவிட்டு, அதைச் சோதனை என்று நினைத்துக்கொண்டேன். அவரை விடுவிக்கக்கூடிய சோதனை இரண்டு முழம் தள்ளி இருந்தது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனும் இதைத்தான் செய்கிறான். காணாமல் போன சிலம்பு மாதிரியே ஒரு சிலம்பு கோவலன் கையில் இருக்கிறது. அது பொய்யான சாட்சி இல்லை, நிஜமாகவே ஒரே மாதிரிதான் இருக்கிறது. பொற்கொல்லன் சொல்கிறான், கோவலன் வெளியூர்க்காரன், போதும். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உள்ளே என்ன பரல் என்று பார்க்க ஒரு நொடி ஆகியிருக்காது. அந்தச் சோதனை நடக்கிறது, கோவலன் செத்த பிறகு, அவன் மனைவியின் கையால். பாண்டியனைக் கொடுங்கோலன் என்று படித்தபோது எளிதாக இருந்தது. அவசரக்காரன் என்று படித்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறான்.

சரி, ஒருவேளை தவறு அந்த அண்ணன் மேல்தான் என்று ஆகியிருந்தால்? ஒரு போல்ட்டை அவர் நிஜமாகவே சரியாக முறுக்காமல் விட்டிருந்தால், நான் செய்தது நியாயமாகியிருக்குமா?

வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877ல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது ஒரு பழைய கப்பலில் தொடங்குகிறது. கப்பல் பழுதுபார்க்கப்பட வேண்டியது என்று முதலாளிக்குத் தெரியும். ஆனால் இத்தனை பயணம் தாங்கிய கப்பல் இதையும் தாங்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். புலம்பெயர்கிறவர்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கிளிஃபர்ட் அடுத்ததாகக் கேட்கிறார்: கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போயிருந்தால்? அப்போதும் அதே அளவு குற்றவாளிதான், பிடிபடவில்லை, அவ்வளவே என்கிறார். அந்த நம்பிக்கைக்கு அவரிடம் உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி, அது பலித்ததா என்பது இல்லை. சாங்கி கடற்கரையில் உட்கார்ந்து தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முதலாளி இப்போது ஞாபகத்துக்கு வருகிறார். அண்ணன் தவறு செய்திருந்தால் என் சந்தேகம் பலித்திருக்கும். அதைச் சொல்லும் உரிமை அப்போதும் எனக்கு வந்திருக்காது.

கிளிஃபர்ட் ரொம்பக் கறார் என்று ஒரு நண்பன் சொன்னான். எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்றால் எந்தப் பட்டறையும் நடக்காது. உண்மைதான். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சந்தேகத்தின் பேரில் ரிலேயை மாற்றிப் பார்ப்பார்கள், ஃபியூஸை மாற்றிப் பார்ப்பார்கள். தப்பாகப் போனால் பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஒரு ஆளைப் பற்றி அவர் முதலாளியிடம் சொன்ன சொல்லை அப்படிக் கழற்றி எடுக்க முடியாது. சந்தேகத்தைப் பாகங்களோடு நிறுத்திக்கொள்வதும், மனிதர்கள் என்று வரும்போது இன்னும் இரண்டு இடத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பதும் நடைமுறையில் முடியாத காரியம் ஒன்றுமில்லை.

வேலை இடத்தில் எனக்கு இது தெரியும் என்பதுதான் வெட்கம். விமானப் பராமரிப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு சம்பவம் உண்டு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, ஏறிக்கொண்டிருக்கும்போதே விமானி முன்னாலிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவர் உடலில் பாதி வெளியே தொங்கியது. சக ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 மெலிந்தவை. இங்கே கடைசியாகத் தொட்டவர்தான் தவறு செய்தவர். ஆனால் விசாரணை அவரோடு நிற்கவில்லை. போல்ட்டுகளை அவர் கண்ணளவில் பொருத்திப் பார்த்து எடுத்த இடத்தில் வெளிச்சம் எப்படி, ராத்திரி ஷிப்டில் ஆள் எத்தனை, வேலையை இன்னொருவர் சரிபார்த்தாரா என்று போய்க்கொண்டே இருந்தது. கழற்றிய பழைய போல்ட்டுகளே சரியான அளவு இல்லை என்பதும் வெளிவந்தது. ஹாங்கருக்குள் இருக்கும்போது இப்படித்தான் நானும் யோசிக்கிறேன். வாயிலைத் தாண்டி அப்பாவின் வண்டிக்கு வந்ததும் பாண்டியனாகிவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை, வெட்டிய கேபிளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தவுக்கேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இரண்டாவது ஆல்டர்நேட்டரின் பாதி விலையை அண்ணனின் சம்பளத்தில் பிடித்திருக்கிறார். முழு விலையையும் மேசையில் வைத்தேன். அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். அவரிடம், “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

அவர் கேபிளை வாங்கி ரப்பரை நகத்தால் உரித்துப் பார்த்தார். “மேல ஒண்ணுமே தெரியல பாருங்க. நானும் அன்னிக்கு இதப் பார்த்தேன்.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “காசு கிடக்கட்டும் தம்பி. கேபிள்தான்னு அவர் காதுல விழற மாதிரி இன்னொரு தடவ சொல்லிருங்க” என்றார்.

சொன்னேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். தவுக்கே தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“மீட்டர எங்க வச்சுப் பார்த்தீங்க?” என்று கேட்டார் அண்ணன். அங்கே பானெட் திறந்து நின்ற வேறொரு வண்டியில் காட்டினேன். ஒரு முனையை எஞ்சினில் அவரே வைத்தார், இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவில். ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். திருப்பினேன். 0.08.

“இது நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு போனார்.