அன்று சொன்னவரா, இன்று நடுங்குபவரா?

ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை, அனுமன் தூக்கிச் சென்ற மூலிகை மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்பது ஊர்ப் பேச்சு. உயிர் மீட்கும் மூலிகை வேறு எதையாவது கெடுத்ததா என்று அந்தக் கதையிடம் யாரும் கேட்டதில்லை.

டாக்ரோலிமஸிடம் கேட்டே ஆக வேண்டும். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து 1984-இல் கண்டெடுத்த மருந்து அது. கிட்னி மாற்றிக்கொண்டவர்களில் மிகப் பலர் காலையும் இரவும் விழுங்குவது இதைத்தான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டாமல் பார்த்துக்கொள்ளும். நரம்பையும் விட்டுவைக்காது. விரல் நடுங்கும், தலை வலிக்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம். அபூர்வமாகப் பேச்சே நின்றுபோகும். கூடத் தரும் ஸ்டீராய்டு சாதுவான மனிதரையும் சிடுசிடுக்க வைக்கலாம். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் தணிந்துவிடும்.

தணியும் வரை? மனைவி மீது எரிந்து விழுந்தது அவரா, மாத்திரையா?

இராமானுசர் வழி வந்த வைணவத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஆன்மா விளக்கு, அதன் அறிவு ஒளி. உடம்பில் கட்டுண்டிருக்கும் வரை அந்த ஒளி சுருங்கும், விரியும், விளக்கு மாறாது. அந்த ஒளிக்குத் தர்மபூத ஞானம் என்று பெயர். விடை கச்சிதம்தான். வசவு வாங்கியவருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது வேறு விஷயம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்திருந்த பெரியாழ்வார் நேரே காரியத்தில் இறங்கிவிடுகிறார். கடைசி வேளையில் உடம்பு தளர்ந்து நினைவு தப்பக்கூடும். ஆகவே தெளிவாக இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன் என்ற பொருளில் அரங்கனிடம் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். தன் பக்தியை நம்பியவர், தன் மூளையை நம்பவில்லை!

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் இந்த முன்யோசனை பொருந்தும். நடுக்கம் வரலாம், புத்தி தடுமாறலாம், அப்போது நானே வேண்டாமென்றாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். நிறுத்தினால் உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும்.

ஆனால் ஆழ்வாருக்கு இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. அன்று தெளிவாகச் சொன்னவர் பேச்சையே பிடித்துக்கொண்டு, இன்று நடுங்குபவரின் வாயை அடைத்துவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு சரியாக இருக்கும்போதே நரம்புத் தொல்லை வருவதுண்டு. கையெழுத்து கோணுவதையும் டம்ளரில் காபி தளும்புவதையும் அவரோ பக்கத்தில் இருப்பவரோ சொன்னால்தான் மருந்தை மாற்றலாமா என்று டாக்டர் யோசிப்பார்.