கழலா நட்டும் தளரா விரதமும்



கண்ணமங்கலத்தாராகிய நாம் ஜவ்வாது மலை வளைவுகளில் அச்சமின்றிப் பேருந்தேறிச் செல்கிறோம். ஸ்டீயரிங் இணைப்பின் நட்டு கழலாதவரையே அப்பயணம். இறுக்கிய நட்டையும் ஓயாத அதிர்வு தளர்த்தும். ஆதலின், பள்ளம் வெட்டிய நட்டின் வழியே போல்ட்டுத் துளையில் காட்டர் பின்னைச் செருகி, முனைகளை விரித்து மடக்குவர். பள்ளமும் துளையும் நேர்படாவிடில், அவ்விணைப்பில் நட்டைத் தளர்த்தலாகாது. மேலும் சிறிது இறுக்கியே நேர்படுத்தல் வேண்டும். ஒருமுறை கழற்றியதை மீண்டும் இடார்; வளைந்து நிமிர்ந்த கம்பி முறியும்.

மும்மணியும் இவ்வாறே. நற்காட்சி போல்ட்டு, நன்ஞானம் நட்டு, நல்லொழுக்கமே காட்டர் பின். அறிந்த அறத்தையும் அன்றாட ஆசைகள் அசைத்துத் தளர்த்தும். அதனைக் காப்பவை 5 அணுவிரதங்கள். வசதிக்கேற்ப விரதத்தைத் தளர்த்தாது, விரதத்திற்கேற்ப வாழ்வை இறுக்குவோம். நேற்றைய உறுதி இன்றைக்குப் போதாது. நாள்தோறும் புதிதாய் ஏற்போமாக!